நெறி கட்டாத நாட்கள்

குறுவை நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஆனி மாதம். கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற சமூக மருத்துவ ஆசிரியர் ஒருவரைத் தேடி, அவரிடம் முன்பு படித்த மாணவியான இளம் மருத்துவர் வந்திருந்தார். யானைக்கால் நோயாளிகளைப் பற்றிய ஆய்வுக்கான வரைவு மாணவியின் கையில் இருந்தது. அதற்கு ஏற்ற ஊர்தான். சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவும், அது பரப்பும் யானைக்கால் நோயும் தலைமுறை தலைமுறையாகக் கும்பகோணத்தை வாட்டியிருக்கின்றன.

ஆசிரியர் முதல் பக்கத்தைப் படித்தார். "சிகிச்சையின் பலனுக்கு அளவாக, ரத்தத்தில் நுண்புழு உள்ளவர்களின் விகிதத்தை வைத்திருக்கிறாய். ஏன்?"

"அதுதானே சார் உறுதியான அளவு? இரவில்தான் அந்தப் புழு தோலை ஒட்டிய ரத்தத்துக்கு வரும். அந்த நேரத்தில் விரல்நுனி ரத்தத்தை எடுத்துப் பார்க்கிறோம். நூறில் ஒருவருக்கும் குறைவாக இருந்தால் நோய்ப் பரவல் அடங்குகிறது என்று கொள்கிறோம்."

"அது ஊருக்குக் கிடைத்த பலன். கால் வீங்கிப்போன பெண்ணுக்கு?"

மாணவி யோசித்தார். வீக்கம் முற்றியவர்களில் பலருக்கு ரத்தத்தில் நுண்புழு இருப்பதே இல்லை. நுண்புழுவை அழிக்கும் டிஇசி மாத்திரையால் அவர்கள் கால் பழையபடி ஆகிவிடுவதும் இல்லை. வரைவிலுள்ள அளவுப்படி பார்த்தால், அந்தப் பெண் சிகிச்சை தொடங்கும் முன்பே குணமானவர்.

"உலக சுகாதார நிறுவனம் 2000இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்துக்கு இரண்டு குறிக்கோள்கள் உண்டு" என்றார் ஆசிரியர். "பரவலை நிறுத்துவது ஒன்று. ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களின் துன்பத்தைக் குறைப்பது மற்றொன்று. நீ முதலாவதை மட்டும் அளக்கிறாய்."

"அப்படியானால் நாடாவை வைத்துக் காலின் சுற்றளவை எடுக்கலாமா?"

"எடு. ஆனால் அவர்களைப் படுக்கையில் தள்ளுவது எது?"

"நெறி கட்டி வரும் காய்ச்சல், சார். விரலிடுக்குச் சேற்றுப்புண் வழியாகப் பாக்டீரியா உள்ளே போகிறது. குளிரும் வலியுமாகப் பல நாள் எழுந்திருக்க முடியாது. தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, புண்ணுக்கு மருந்து தடவினால் காய்ச்சல் வருவது குறையும்."

"வீக்கம் அதிகம் குறையாமலே காய்ச்சல் குறையலாம். உன் நாடாவுக்கு அது தெரியாது."

அடுத்து மாணவி வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளை எடுத்தார். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளின் மையங்களைச் சேர்த்து உருவாக்கியது அது. அந்த மையங்களில் சென்னையும் ஒன்று. அதன் சுருக்க வடிவில் 26 கேள்விகள். உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் என்று நான்கு பகுதிகள்.

"இதைக் கேட்டால் போதுமா, சார்? எங்கே போனாலும் 'நல்லாத்தான் இருக்கேன்' என்கிறார்களே."

ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "1944இல், வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் ஓர் ஆய்வு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடல்நலம் சரியில்லை என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம்தான். அமர்த்தியா சென் இதைப் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறார். அந்தப் பெண்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்றா நினைக்கிறாய்?"

"இல்லை. தங்கள் உடம்பைப் பற்றிக் கேட்கக்கூட உரிமை இல்லை என்று பழகிப்போனவர்கள். அப்படியானால் நோயாளியின் சொல்லை நம்பவே கூடாதா?"

"நம்ப வேண்டும். அவர் பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்க வேண்டும். கேரளத்தில் காசர்கோட்டு மருத்துவர்கள், யானைக்கால் நோயாளிகளுக்கென்றே தனிக் கேள்வித்தாள் ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இந்த மண்ணில் நீ என்ன கேட்பாய்?"

மாணவி எழுதத் தொடங்கினார். போன பருவத்தில் எத்தனை நாள் நடவுக்குப் போனீர்கள்? நெறி கட்டி எத்தனை நாள் படுத்தீர்கள்? உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தீர்களா? காலுக்குச் சேரும் செருப்பு கிடைத்ததா?

"தனியாக வைத்துக் கேள்" என்றார் ஆசிரியர். "மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருந்தால் பதில் மாறும்."

சட்டென்று மாணவியின் பேனா நின்றது. "சார், சேற்றில் இறங்காதே என்று சொல்வதும் நாம்தான். ஒரு பெண் அதைக் கேட்டு நடவை விட்டுவிடுகிறார். காய்ச்சல் குறைகிறது, கூலியும் போகிறது. என் அட்டவணையில் அது வெற்றியாகத்தானே பதிவாகும்?"

"ஆகும். அதனால் காய்ச்சல் நாட்களையும் வேலை நாட்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுது. இரண்டையும் கூட்டி ஒற்றை எண்ணாக்காதே."

"கூட்டாவிட்டால் எது முக்கியம் என்று யார் முடிவு செய்வது?"

"டப்ளின் ஆய்வாளர்கள் 1990களில் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். தன் வாழ்வில் முக்கியமான ஐந்து விஷயங்களை நோயாளியே சொல்வார். ஒவ்வொன்றும் இப்போது எப்படி இருக்கிறது, எதற்கு எவ்வளவு எடை என்பதையும் அவரே சொல்வார்."

"ஊரோடு ஊரை ஒப்பிட அது உதவாதே, சார்."

"அதற்கு அந்த 26 கேள்விகள் இருக்கட்டும். இது அந்தப் பெண்ணின் நேற்றையும் இன்றையும் ஒப்பிட."

மாணவி வரைவின் முதல் பக்கத்துக்குத் திரும்பினார். நுண்புழு விகிதத்தை அடிக்கவில்லை. அதற்கு முன்னால் 'ஊருக்கு' என்று சேர்த்தார். கீழே 'நோயாளிக்கு' என்று எழுதி, ஐந்து வரிகளுக்கு இடம் விட்டார்.