கைத்தடியும் கூட நடப்பவரும்



பொதுக்காலத்தின் 15ஆம் ஞாயிறாகிய இன்று, ஆண்டவர் பன்னிருவரை வழியனுப்பும் பகுதியை மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்திலிருந்து கேட்டோம். சாப்பாடு வேண்டாம், பை வேண்டாம், இடுப்பில் காசு வேண்டாம், மாற்று அங்கி வேண்டாம் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வருகிறார். இரண்டே இரண்டை மட்டும் விட்டுவைக்கிறார்: காலுக்கு மிதியடி, கைக்கு ஒரு தடி. எகிப்தை விட்டுப் புறப்பட்ட இரவில், இடுப்பில் கச்சை கட்டி, காலில் மிதியடி போட்டு, கையில் கோல் பிடித்துப் பாஸ்கா உண்ட மக்களின் கோலம் இது. விடுதலைக்குப் புறப்படுகிறவர்களின் கோலம்.

முதல் வாசகத்தில் வந்த ஆமோசையும் சேர்த்துப் பாருங்கள். தெக்கோவா ஊரில் ஆடு மேய்த்தவர், காட்டு அத்திமரம் பார்த்துப் பிழைத்தவர். பெத்தேலின் குரு அமட்சியா அவரை விரட்டுகிறார். யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே இறைவாக்குச் சொல்லிப் பிழைத்துக்கொள் என்கிறார். ஆமோஸ் அசையவில்லை. பெத்தேலில் அவருக்குப் பதவியும் இல்லை, படியளக்கும் அரசனும் இல்லை. கட்டிக் காக்க மூட்டை இல்லாதவரை மிரட்டி அனுப்ப முடியாது. ஆண்டவர் பையை வேண்டாம் என்று சொன்னதன் பொருள் இங்கே விளங்குகிறது.

ஆனால் கைத்தடி? மத்தேயு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தையும் லூக்காவின் 9ஆம் அதிகாரத்தையும் வாசித்தால், அங்கே தடியும் வேண்டாம் என்றே இருக்கிறது. மாற்கு அனுமதிக்கிறார், மற்ற இருவரும் அனுமதிக்கவில்லை. விவிலிய அறிஞர்கள் இதற்குப் பல விளக்கங்கள் தருகிறார்கள். இந்த வேறுபாட்டைத் திருச்சபை மறைக்கவில்லை, திருத்தவும் இல்லை. இரண்டையுமே ஆண்டவருடைய வார்த்தையாக நம் கையில் கொடுத்திருக்கிறது. ஆகவே இரண்டையும் இன்று சேர்த்தே தியானிப்போம்.

நமக்கு இது நடைபயணக் காலம். ஜூலை 3ஆம் நாள் பரங்கிமலையில் திருத்தூதர் தோமாவின் விழா முடிந்திருக்கிறது. வருகிற 25ஆம் நாள் திருத்தூதர் யாக்கோபின் விழா. நம் முன்னோர் அவரைச் சந்தியாகப்பர் என்று அழைத்து, இராமேசுவரத்துக்கு அருகே தங்கச்சிமடத்தில் கோவில் எழுப்பினார்கள். இன்றும் அங்கே விழா கொண்டாடுகிறோம். அடுத்த மாதம் 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடி ஏறும். தாம்பரத்திலிருந்தும் சேலையூரிலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் சிலர் பெசன்ட் நகர் மாதா கோவில் வரை நடப்பார்கள். சிலர் காவி உடுத்தி, மாதா சுரூபம் வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே 300 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து நாகப்பட்டினத்தைத் தாண்டுவார்கள்.

அண்மை ஆண்டுகளில் இன்னொரு நடையும் நம்மவர்களை இழுக்கிறது. ஸ்பெயினின் வடமேற்கில் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகரில் சந்தியாகப்பரின் கல்லறைக் கோவில் இருக்கிறது. பிரான்சில், ஸ்பெயின் எல்லையோரம் உள்ள சான் ழான் பியே தெ போர் என்ற சிற்றூரில் தொடங்கி, பிரனீஸ் மலையைக் கடந்து, ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நடந்து அங்கே சேர்கிறார்கள். கடைசி 100 கிலோமீட்டரையாவது நடந்தவருக்குத் திருத்தலத்தில் சான்றிதழ் தருகிறார்கள். அங்கே போவதற்கு முன் ஆசீர் பெற வருகிறவர்கள் வழக்கமாக ஒன்றைக் கேட்கிறார்கள்: “ஃபாதர், ட்ரெக்கிங் ஸ்டிக்கை ஃபிளைட்டில் கொண்டுபோக விடுவார்களா?”

கேள்வி நியாயமானது. மலை இறங்கும்போது முழங்கால் மேல் விழுகிற பாரத்தை அந்தக் கோல்கள் வாங்கிக்கொள்கின்றன. சேற்றிலும் சரளைக்கல்லிலும் கால் வழுக்காமல் காக்கின்றன. ஆனால் அதன் தண்டு உலோகம், முனை கூர்மை. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனையில் நிற்கிறவர் அதைக் கைப்பையோடு உள்ளே விடமாட்டார். கோலை மடக்கி, முனைக்கு ரப்பர் உறை போட்டு, பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்து, செக்-இன் கவுண்டரிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். முதுகுப்பை மட்டும் போதும் என்று புறப்படுகிறவர், நடை தொடங்கும் ஊரிலேயே கோல் வாங்கிக்கொள்ளலாம். சான் ழானில் அதற்கென்றே கடைகள் இருக்கின்றன.

அதே சோதனை வரிசையில் வயது முதிர்ந்த ஒரு அம்மா கைத்தடி ஊன்றி வருகிறார் என்று வையுங்கள். அந்தத் தடியையும் வாங்கிச் சோதிக்கிறார்கள். சோதித்த பிறகு திரும்ப அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அது இல்லாமல் அவரால் விமானத்தின் வாசல் வரை நடக்க முடியாது. நடை எளிதாவதற்காக எடுத்துப்போகும் கோல் பெட்டிக்குள் போகிறது. அது இல்லாமல் நடக்கவே முடியாதவரின் தடி கூடவே போகிறது. தேவையை அளந்து பார்க்கும் இந்த அறிவு நம் வாழ்வுக்கும் வேண்டும். என்னிடம் இருப்பவற்றில், இல்லாவிட்டால் நான் விழுந்துவிடுவேன் என்பது எது? இருந்தால் வசதி என்பது எது? பலவீனரின் கையிலிருந்து தடியைப் பிடுங்க ஆண்டவர் வரவில்லை. பலமுள்ளவர் அதை நம்பியே நிற்கும்போது, கீழே வை என்கிறார்.

சந்தியாகப்பரின் திருப்பயணிகளுக்கு இது பழைய பாடம். கோலையும் சிறு பையையும் குருவானவர் மந்திரித்துக் கையில் கொடுத்த பிறகே இடைக்காலத்துத் திருப்பயணி வீட்டை விட்டுப் புறப்படுவார். 12ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டு இன்றும் கொம்போஸ்தெலாப் பேராலயத்தில் பாதுகாக்கப்படும் ‘கோடெக்ஸ் கலிக்ஸ்தீனுஸ்’ என்ற ஏட்டில் உள்ள ஒரு மறையுரை இந்தச் சடங்குக்கு விளக்கம் தருகிறது. கோல் திருப்பயணியின் மூன்றாவது கால். அந்த மூன்று, மூவொரு கடவுளில் நாம் வைக்கும் நம்பிக்கையைக் காட்டுகிறது என்கிறது. பை சிறியதாக இருக்க வேண்டும், ஆண்டவரை நம்பிப் போகிறவருக்கு அதிகம் தேவையில்லை. அதன் வாய் கட்டப்படாமல் இருக்க வேண்டும், வழியில் இல்லாதவருக்குக் கொடுக்கவும் கொடுப்பவரிடம் வாங்கவும் அது திறந்தே இருக்க வேண்டும். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சொன்னது, இன்று பெட்டி கட்டுகிற நமக்கும் பொருந்துகிறது.

அந்த மூன்றாவது காலையும் ஒப்படைக்க வேண்டிய நேரம் வரும். மோசேக்கு வந்தது. ஓரேபு மலையில் ஆண்டவர் அவரிடம், கையில் இருப்பது என்ன என்று கேட்டார். கோல் என்று மோசே சொன்னதும், அதைத் தரையில் போடச் சொன்னார். ஆடு மேய்த்த நாற்பது ஆண்டுப் பிழைப்பு அந்தக் கோலில் இருந்தது, மோசே போட்டார். திரும்ப எடுத்தபோது விடுதலைப் பயண நூல் அதற்குக் கடவுளின் கோல் என்று பெயர் சொல்கிறது. கையை விட்டுப் போய்த் திரும்பி வந்ததால்தான் அந்தப் பெயர். விட முடியாமல் இறுக்கிப் பிடித்திருப்பது நமக்குச் சொந்தமாக இருக்கும் வரை, கடவுளுடையதாக ஆகாது.

அன்புக்குரியவர்களே, அதே நூலின் 17ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். அமலேக்கியர் போருக்கு வருகிறார்கள். யோசுவா கீழே போரிடுகிறார், மோசே குன்றின் மேல் நிற்கிறார். கையில் எந்தக் கோல்? கடலைப் பிளந்த, பாறையிலிருந்து தண்ணீர் வரவழைத்த அதே கடவுளின் கோல். அது கையில் இருந்தும் அவர் கைகள் சோர்ந்து இறங்கின. அப்போது ஆரோனும் கூரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்தார்கள். ஒருவர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமும் நின்று, சூரியன் மறையும் வரை அவர் கைகளைத் தாங்கிப் பிடித்தார்கள். கோல் செய்ய முடியாததைச் சகோதரர் செய்தார்கள்.

இப்போது நற்செய்திக்குத் திரும்புவோம். கைத்தடியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஆண்டவர் செய்துவிட்ட ஒன்றை மாற்கு எழுதியிருக்கிறார். அவர்களை இருவர் இருவராக அனுப்பினார். பை, காசு, அங்கி எல்லாம் அதற்குப் பிறகு வருகின்றன. தடி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நற்செய்திகளே அதில் வேறுபடுகின்றன. தனியே போ என்று மட்டும் இந்த அனுப்புதலில் எவருக்கும் சொல்லப்படவில்லை. ஆண்டவர் தடியை அனுமதித்தார். கூட நடக்க ஓர் ஆளையோ அவரே கொடுத்தார். நான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். நாம் ஊன்றி நடக்கும் முதல் கோல் பக்கத்தில் நடக்கிற மனிதர். அவரை எந்தக் கவுண்டரிலும் ஒப்படைக்க வேண்டியதில்லை.

நம் புறநகரைப் பாருங்கள். திரிசூலம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற அந்த விமான நிலையத்தின் வழியே எத்தனை வீடுகளின் பிள்ளைகள் வெளிநாடு போயிருக்கிறார்கள்! போனது தவறில்லை, உழைக்கப் போனார்கள், குடும்பத்துக்காகப் போனார்கள். ஆனால் குரோம்பேட்டையிலும் சிட்லபாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் அடுக்குமாடி வீடுகளில் அப்பாவும் அம்மாவும் தனியே இருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கக் கைப்பிடிக்க ஆளில்லாமல் ஓரத்தில் நிற்கிறார்கள். தாம்பரம் நிலையத்தின் நடைமேம்பாலப் படிகளை ஏற முடியாமல், மாம்பலத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். கண் பரிசோதனைக்கு, வங்கிக்கு, ஏன் ஞாயிறு திருப்பலிக்குக்கூட வர முடியாமல் இருக்கிறார்கள். மகன் நல்ல கைத்தடி வாங்கி அனுப்பியிருக்கிறான். தடி தோளைத் தொட்டு, “மெதுவா வாங்கம்மா, அவசரமில்லை” என்று சொல்லாது.

ஆகவே இந்த வாரமே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அன்பியங்களில் இருவர் இருவராகச் சேருங்கள். உங்கள் தெருவில் தனியே வாழும் ஒரு முதியவரை, எந்தச் சமயத்தவராக இருந்தாலும், போய்ப் பாருங்கள். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். எங்கே போக வேண்டும் என்று கேட்டு, கூட்டிப் போய், கூட்டி வாருங்கள். இளைஞர்களே, வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் யார் முதலில் சேர்ந்தார் என்று பார்க்காதீர்கள். கொப்புளம் வந்து பின்தங்கியவரின் வேகமே உங்கள் குழுவின் வேகமாக இருக்கட்டும். வழியில் மோரும் சோறும் கொடுத்து வரவேற்கும் ஊர் மக்களின் கையிலிருந்து பணிவோடு வாங்கிக்கொள்ளுங்கள். பன்னிருவரும் அப்படித்தான் பிறர் வீட்டில் தங்கினார்கள். கொம்போஸ்தெலாவுக்குப் பறக்கிறவர்களே, கோல்கள் இரண்டையும் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். மலையில் யாராவது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், இரண்டில் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் எழுந்து நடக்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

இன்னும் சற்று நேரத்தில் இந்தப் பீடத்தில் ஆண்டவர் தம்மையே நமக்கு வழியுணவாகத் தருவார். அந்த உணவைப் பெற்று எழுகிறவர் தனியே நடப்பதற்காக அதைப் பெறவில்லை. நம்மை இருவர் இருவராக அனுப்பும் ஆண்டவர், அந்த இருவருக்கும் நடுவே நடந்து வருவாராக. தளர்ந்த கைகளைத் தாங்கும் பலத்தை இந்தப் பங்குக்கு அருள்வாராக. ஆமென்.