கடைப் பையனும் கல்லாச் சாவியும்



எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவன் தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார் மீதும் தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

நாம் ஆலிம் அல்லோம். மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் ஆறு வருஷம் படித்ததுமே நமது கல்வி. பாகான் டத்தோவில் மளிகைக் கடை வைத்துப் பிழைக்கிறோம். ஆகவே மார்க்கச் சட்டத்தில் ஏதும் பிசகாக எழுதியிருந்தால் ஆலிம் பெருமக்கள் திருத்தியருள வேண்டுகிறோம். கடை விஷயத்தில் நாம் பிசகியது நமக்கே நன்றாகத் தெரியும். அதைச் சொல்லவே எழுத உட்கார்ந்தோம்.

2019-ஆம் வருஷம் டெங்குக் காய்ச்சல் கண்டு பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தோம். கடையில் அப்போது ஒரு பையன். தென்னந்தோட்டத்தில் வேலை பார்த்தவரின் மகன். நம்மிடம் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பெருக்குவான், மூட்டை இறக்குவான், நிறுப்பான், பொட்டலம் கட்டுவான், வந்தவர்களிடம் சிரித்த முகத்தோடு பேசுவான். ஆனால் கல்லாச் சாவி நம் இடுப்பிலேயே இருந்தது. மொத்த வியாபாரியின் டெலிபோன் நம்பர் நம்மிடம் மட்டுமே இருந்தது. யாருக்கு எவ்வளவு கடன் தரலாம் என்பது எந்த நோட்டிலும் இல்லை, நம் தலைக்குள் இருந்தது.

இரண்டாம் நாள் அரிசி லாரி வந்திருக்கிறது. பழைய பாக்கியும் புதிய ஆர்டரும் கேட்டிருக்கிறார்கள். பையன் விழித்திருக்கிறான். லாரி திரும்பிவிட்டது. நம் அத்தா காலத்திலிருந்து நம்மிடமே சாமான் வாங்கும் ஒரு மலாய்ப் பெரியவருக்குக் கடன் இல்லையென்று சொல்லிவிட்டான். இரண்டு பெருநாள் கழிந்தும் பாக்கி கொடுக்காத வேறொருவருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டான். நான்காம் நாள் கடையை அடைத்துவிட்டு நம் கட்டிலருகில் வந்து நின்றான்.

“முதலாளி, என்ன செய்யணும்னு நீங்க எனக்குச் சொல்லவே இல்லையே!” என்றான்.

கடிந்துகொள்ளத்தான் வாயைத் திறந்தோம். வார்த்தை வரவில்லை. சேர்ந்த அன்று எந்த மூலையில் துடைப்பத்தை எடுத்தானோ, ஆறாம் வருஷமும் அதே மூலையில்தான் அதைச் சாத்திக்கொண்டிருந்தான். குற்றம் யாருடையது?

நம் அச்சம் என்ன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இஷாத் தொழுகை முடிந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் நாம் எல்லோரும் பேசுவதுதான்: “தொழிலைச் சொல்லிக் கொடுத்தால் நாளைக்கே எதிர்வாடையில் கடை போட்டுவிடுவான்.” இந்த அச்சத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு, “இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுப்பே இல்லை” என்று அவர்கள் மீதே பழியையும் போடுகிறோம்.

புகாரி ஷரீஃபில் வரும் ஒரு செய்தியைக் கேளுங்கள். உர்வா அல்பாரிக்கி (ரலி) என்ற தோழரிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு தீனாரைக் கொடுத்து ஆடு ஒன்று வாங்கி வரச் சொன்னார்கள். உர்வா சந்தைக்குப் போனார். பேரம் பேசி அந்த ஒரு தீனாருக்கே இரண்டு ஆடு வாங்கினார். அதில் ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றார். ஆட்டையும் கொண்டு வந்தார், தீனாரையும் கொண்டு வந்தார். “உன்னிடம் ஓர் ஆடுதானே வாங்கச் சொன்னோம், உன் இஷ்டத்துக்கு ஏன் விற்றாய்?” என்ற கேள்வி அங்கே எழவில்லை. அவருடைய வியாபாரத்தில் பரக்கத்து உண்டாகட்டும் என்று துஆச் செய்தார்கள். அதன் பிறகு அவர் மண்ணை வாங்கினாலும் அதில் லாபம் கண்டார் என்று அறிவிக்கப்படுகிறது. பின்னாளில் கூஃபா நகரத்தில் பெரிய செல்வந்தராக விளங்கினார்.

இதிலிருந்து பிறக்கும் சட்டங்களை இமாம்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். அது நம் எல்லைக்கு அப்பாற்பட்டது. கடைக்காரன் கண்ணுக்குத் தெரிவது வேறொன்று. ஆட்டை வாங்கிக் கொடுத்துச் சுமந்து வரச் சொல்லவில்லை. காசைக் கையில் கொடுத்துச் சந்தைக்கு அனுப்பினார்கள். சந்தையில் கண்ணும் வாயும் உர்வாவுடையவை. நாமோ பையனைச் சுமக்க மட்டுமே அனுப்புகிறோம்.

பெருமானார் (ஸல்) அவர்களே இருபத்தைந்து வயதில் கதீஜா நாயகியார் (ரலி) அவர்களின் சரக்கை ஏற்றிக்கொண்டு ஷாம் தேசம் போனவர்கள்தாமே! நாயகியார் கூடப் போகவில்லை. மைஸரா என்ற ஊழியரை உடன் அனுப்பினார்கள். வாங்குவதும் விற்பதும் பெருமானாரின் கையில் இருந்தது. மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிடக் கூடுதலான கூலியும் பேசியிருந்தார்கள். முதல் போடுகிறவர் ஒருவர், உழைக்கிறவர் ஒருவர், லாபத்தில் பேசிக்கொண்ட பங்கு என்னும் இந்த முறைக்கு முளாரபா என்று பெயர். இதில் நாம் மறந்துவிடும் விதி ஒன்று உண்டு. உழைப்பவரின் அலட்சியமோ மோசடியோ இல்லாமல் நஷ்டம் வந்தால், அந்த நஷ்டம் முதல் போட்டவரைச் சேரும். உழைத்தவருக்கு அவர் உழைப்பு வீணாய்ப் போனதே நஷ்டம்.

உடைந்த முட்டைக்கும், தேதி கடந்த பால் டின்னுக்கும் பையன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. நமக்கும் இருந்தது. ஊழியன் அமானிதக்காரன். அவன் அஜாக்கிரதையாக இருந்தான் என்று தெரியாமல் அவன் கூலியில் கை வைக்க நமக்கு என்ன ஹக்கு இருக்கிறது? தவிரவும், தவறினால் சம்பளம் போகும் என்று அறிந்த பையன் எதையும் துணிந்து செய்யவே மாட்டான்.

அன்னிய சமூகத்தாரிடமும் நல்லதைப் பார்த்தால் எடுத்துக்கொள்ளலாம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும், சுமத்திராவின் மேடானிலும், நமது பினாங்கிலும் கடை வைத்திருந்த காலத்தைப் பாருங்கள். அவர்கள் செய்த வட்டித் தொழில் நமக்கு ஹராம். அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் அவர்கள் ஆளைத் தயார் செய்த முறை வியக்கத்தக்கது. சிறுவனாக வருகிறவன் பெட்டியடிப் பையன். கூட்டிப் பெருக்கி, எடுபிடி வேலை செய்து, கணக்கு எழுதிப் பழகி, அடுத்தாள் ஆவான். பிறகு மேலாளாக ஒரு கடையையே நடத்துவான். தவணை பெரும்பாலும் மூன்று வருஷம். சம்பளத்தோடு லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. அப்படி வந்த பலர் பிறகு சொந்தத்தில் கடை வைத்தார்கள். முதலாளி ஊரில் இருக்க, கடல் கடந்த கடைகள் நடந்தது இந்த ஏற்பாட்டினால்தான்.

தவணை என்றோமே, அது நம் திருமறையிலேயே இருக்கிறது. மத்யன் நகரத்துப் பெரியவர் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்திய வரலாற்றை 28-ஆம் அத்தியாயத்தில் ஓதுகிறோம். வலிமையும் நம்பிக்கையும் உள்ளவர் என்று அவர் மகளார் சிபாரிசு செய்தார். எட்டு வருஷம் வேலை செய்ய வேண்டும், பத்தாக நிறைவு செய்தால் அது அவர் விருப்பம் என்று பெரியவர் முதலிலேயே பேசி முடித்தார். தவணை முடிந்ததும் மூஸா (அலை) குடும்பத்தோடு புறப்பட்டார்கள். நம் கடைகளில் எந்தப் பையனுக்காவது, இத்தனை வருஷத்தில் இன்ன நிலைக்கு வருவாய் என்று சொல்லியிருக்கிறோமா? “இரு, பார்க்கலாம்” என்பதே நம் ஒப்பந்தம்.

முந்தியவர்கள் நம்மைப் போல் இல்லை. நம் அத்தா 1951-இல் பதின்மூன்று வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். அரிசி மூட்டை மேல் படுத்தார். அடியும் வாங்கியிருக்கிறார். அதை நாம் நல்லதென்று சொல்லவில்லை. ஆனால் அவருடைய முதலாளி நெத்திலியை மோந்து பார்த்து உப்பின் அளவு சொல்லவும், வெங்காய மூட்டையில் கை விட்டு அடியில் ஈரம் பார்க்கவும் பழக்கினார். ஏழாம் வருஷம் இடைவாரில் பணத்தைக் கட்டிப் பினாங்குக்குச் சரக்கெடுக்கத் தனியே அனுப்பினார். “அன்று ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்லை, காக்காவுக்கும் தூக்கமிருந்திருக்காது” என்று அத்தா சிரிப்பார். அந்தப் பெரியவர் துணிந்ததால்தான் நமக்கு இன்று ஒரு கடை இருக்கிறது. நாம் அந்தக் கடையில் உட்கார்ந்துகொண்டு பையனுக்குச் சாவியை மறைத்தோம்!

இன்றைய நிலையையும் யோசியுங்கள். நம் கடைகள் பலவற்றில் பர்மிட்டில் வந்த வெளிநாட்டு ஆட்களே நிற்கிறார்கள். பர்மிட்டு முடிந்தால் ஊர் திரும்புகிறார்கள். நம் பிள்ளைகளோ கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் போகிறார்கள். 2025-ஆம் வருஷம் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று சட்டம் வந்துவிட்டது. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் நம் போன்றோருக்கும் அவ்வருஷம் ஆகஸ்டு முதல் அதுவே. அதே சம்பளத்தைக் குளிரூட்டிய தொழிற்சாலை கொடுக்கும்போது, கருவாட்டு வாசனையில் நிற்க எவன் வருவான்? தொழிற்சாலையால் கொடுக்க முடியாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது தொழில். அதையும் நாம் கொடுக்கவில்லையென்றால், நம் சங்கத்துக் கடைகள் அடுத்த தலைமுறையில் யார் பெயரில் இருக்கும்?

நாம் செய்ததைச் சொல்லிவிடுகிறோம். காய்ச்சல் தீர்ந்து வந்ததும் பையனுக்கு வெங்காயம், உருளைக்கிழங்கு, கருவாடு மூன்றையும் ஒதுக்கினோம். 300 வெள்ளி தனி முதல். ஆலிம் ஒருவரிடம் கேட்டு, சம்பளத்தோடு கலக்காமல் தனிக் கணக்கு எழுதினோம். லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு அவனுக்கு. அநாதைகள் வயது வரும்வரை அவர்களைச் சோதித்துப் பார்த்து, விவேகம் கண்டால் அவர்கள் சொத்தை ஒப்படைக்கும்படி 4-ஆம் அத்தியாயத்தில் இறைவன் கட்டளையிடுகிறான். கையில் ஒன்றும் கொடுக்காமல் எப்படிச் சோதிப்பது?

முதல் தடவை தெலுக் இந்தான் போய் அடி ஈரமான வெங்காயம் வாங்கி வந்தான். மூன்றில் ஒரு பங்கு அழுகல். நாக்கு நுனி வரை வசை வந்தது. அனஸ் (ரலி) அவர்கள் பத்து வருஷம் பெருமானாருக்குப் பணிவிடை செய்தும், “சீ” என்ற ஒரு சொல்லைக் கேட்டதில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்றும் கேட்கப்பட்டதில்லை என்ற ஹதீது நினைவுக்கு வந்து வாயை மூடியது. நஷ்டத்தை முதலில் எழுதினோம். பையன் யாரும் சொல்லாமலே இரண்டு ராத்திரி விழித்து, மீந்த வெங்காயத்தைச் சாக்கில் பரப்பி உலர்த்தினான்.

கடையில் வேலை செய்த மூத்தவர் ஒருவர் முகம் சுளித்தார். நேற்று வந்த பொடியன் கையில் பணமா என்றார். இருபது வயதும் நிறையாத உஸாமா (ரலி) அவர்களைப் படைக்குத் தலைவராக்கியபோதும் முணுமுணுப்பு எழுந்தது. பெருமானார் (ஸல்) தம் முடிவை மாற்றவில்லை. அதை அவரிடம் சொன்னோம். அவர் சமாதானமடையவில்லை. இன்றும் அடையவில்லை.

ஒரு நாள் பையன், “முதலாளி, ஊத்தான் மெலிந்தாங் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் விடியற்காலையிலேயே ரொட்டியும் காப்பித்தூளும் தேடுறாங்க. நாம எட்டு மணிக்குத் திறக்கிறோம்” என்றான். எட்டு மணி நம் அத்தா வைத்த நேரம். அரைமனதாக, சுபுஹுத் தொழுதுவிட்டு அவனே திறக்கட்டும் என்று சாவியைக் கொடுத்தோம். இப்போது நம் கடைக்கு அதுதான் நல்ல வியாபார நேரம்.

2023-இல் அவன் ஊத்தான் மெலிந்தாங்கில் தனிக் கடை வைத்துவிட்டான். நாம் பயந்தது நடந்தது. மறைப்பானேன், மனம் சுருங்கத்தான் செய்தது. நம் வாடிக்கைக்காரர்கள் சிலரும் அவனோடு போனார்கள். முதல் மாதம் அவன் சலாத்துக்கு நாம் பதில் சொன்ன தொனி சரியில்லை. அதற்காக அல்லாஹ் நம்மை மன்னிக்கட்டும். பிறகு அவனே வந்து, அரிசியைச் சேர்த்தே எடுப்போம், ஒரே லாரியில் இறக்கினால் மூட்டைக்கு விலை குறையும் என்றான். அப்படியே எடுத்து வருகிறோம். ரிஜ்கு அவன் கையிலும் இல்லை, நம் கையிலும் இல்லை.

இப்போது இருக்கும் பையன் சேர்ந்து எட்டு மாதமாகிறது. கொஞ்சம் கூச்சக்காரன், ஆனால் கணக்கில் சுத்தம். வருகிற சனிக்கிழமை தெலுக் இந்தானுக்கு முதல் முறையாகத் தனியே போகிறான். வெங்காயம் விற்கிற விலைக்கு 300 வெள்ளி காணாது. 500 கொடுத்தனுப்ப எண்ணியிருக்கிறோம்.