பயணச் சலுகை: தொலைவுக்கா, களைப்புக்கா?

இஸ்லாமியச் சட்டத்தில் பயணிக்குச் சலுகைகள் உண்டு. ளுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் (தொழுகையின் ஓர் அலகு) தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். இதற்குக் கஸ்ர் என்று பெயர். ரமளான் நோன்பையும் பிற்பாடு நோற்கலாம். ஒட்டகமும் பாய்மரக் கப்பலும் இருந்த காலத்தில் இதன் நியாயம் வெளிப்படை. விமானம் வந்த பின் ஒரு கேள்வி கூர்மையானது: சலுகை கடந்த தொலைவுக்கா, பட்ட சிரமத்துக்கா?

சட்ட அறிஞர்கள் தொடக்கத்தில் பயணத்தை நாட்களால் அளந்தார்கள். ஷாபிஈ, மாலிகி, ஹன்பலி சட்டப் பள்ளிகள் இரண்டு நாள் வழியை 16 ஃபர்ஸக் (பழைய தொலைவு அளவு) என்று கணக்கிட்டன. இன்றைய அளவில் அது 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஹனபி பள்ளி மூன்று நாள் நடையை எடுத்துக்கொண்டது. இந்தியத் துணைக்கண்டத்து ஹனபி அறிஞர்கள் பலர் அதை 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் என வகுத்தார்கள்.

சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு வான்வழித் தொலைவு சுமார் 4,450 கிலோமீட்டர். நேரடி விமானம் ஆறு மணி நேரத்துக்குள் சென்றுவிடும். முழு வேகத்தில் பறக்கும் விமானம் 80 கிலோமீட்டரை ஆறே நிமிடத்தில் கடக்கிறது. 1995 வரை மும்பையிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் பயணிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கோ ஒரு வாரத்துக்கும் மேல் பிடித்தது.

சிரமமே காரணம் என்றால், குளிரூட்டிய இருக்கையில் உறங்கிச் செல்பவருக்குச் சலுகை கிடைக்கக் கூடாது. உள்ளூரில் நாளெல்லாம் மூட்டை சுமப்பவருக்குக் கிடைக்க வேண்டும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. விதிக்குக் காரணம் வேறு, விதியின் உள்நோக்கம் வேறு என்று அறிஞர்கள் பிரித்தார்கள். சிரமத்தைக் குறைப்பது உள்நோக்கம், பயணம் காரணம். சிரமம் ஆளுக்கு ஆள் மாறும், அதை அளக்க முடியாது. பயணத்தை அளக்கலாம். 13ஆம் நூற்றாண்டு ஷாபிஈ அறிஞர் நவவி, கடலில் அந்த 16 ஃபர்ஸக் தொலைவை ஒரு நாழிகையில் கடந்தாலும் சுருக்கித் தொழலாம் என்று தம் மின்ஹாஜ் நூலில் விதித்தார். விமானப் பயணிக்கான விடையும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

இப்னு தைமிய்யா (1263–1328) மாறுபட்டார். மூலநூல்கள் தொலைவை வரையறுக்கவில்லை. மக்கள் வழக்கில் எது பயணமோ அதுவே பயணம் என்றார். நாள்தோறும் ரயிலில் நூறு கிலோமீட்டர் சென்று வேலை பார்ப்பவரைப் பயணி என்பதா என்ற இன்றைய ஐயத்துக்கு அவருடைய அளவுகோல் உதவும். ஆனால் வழக்கு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் தீர்ப்பும் மாறும்.

சட்டம் காலத்தை முற்றிலும் ஒதுக்கவும் இல்லை. சென்ற இடத்தில் வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க எண்ணினால் ஷாபிஈ முறையில் பயண நிலை முடிகிறது. ஹனபி முறையில் அந்த எல்லை 15 நாள். வழியில் தொலைவும் தங்குமிடத்தில் காலமும் அளவாகின்றன. இரண்டுமே ஒருவர் தம் ஊரிலிருந்து எவ்வளவு பெயர்ந்திருக்கிறார் என்பதைத்தான் காட்டுகின்றன. விமானம் குறைத்தது மணிநேரத்தை. ஊருக்கும் அவருக்கும் இடையிலான தொலைவை அல்ல. ஆகவே பெரும்பான்மைச் சட்டப் பள்ளிகளின்படி விமானப் பயணிக்கும் சலுகை உண்டு.