மதிலும் மானமும்

பிற தேசத்தில் பிழைக்கச் சென்ற ஒருவன் அத்தேசத்தாரின் ஆசாரங்களுக்கு எம்மட்டும் கட்டுப்பட்டவன் என்பது பழைய கேள்வி. ஊரோடு ஒக்க ஓட வேண்டும் என்பார் ஒரு சாரார். உடலும் உடையும் அவரவர் சொந்த விஷயம், அதில் ஊருக்கென்ன வேலை என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கட்சியாரும் வாதாடிக் கொண்டிருக்கையில், பணமானது மூன்றாவது விடையொன்றைக் கண்டுபிடித்துவிட்டது. அதுவே மதில்.

கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்சிலிருந்தும் அரபு நாடுகளுக்கு உத்தியோகத்தின் பொருட்டுச் சென்று திரும்பியோர் நம்மிடையே உளர். அவர்கள் வாயிலாகச் சவூதி அரேபியாவின் ஜித்தா நகரைப் பற்றிக் கேள்வியுற்றோர் பலர். அந்நகருக்கு வடக்கே ஒபுர் என்னும் செங்கடற் கழியையொட்டித் தனியார் கடற்கரைகள் இருக்கின்றன. 2019-ஆம் ஆண்டு வரையில் அந்நாட்டு வீதிகளில் அயல்நாட்டுப் பெண்டிரும் அபாயா என்னும் நீண்ட அங்கியை அணிந்தே நடமாட வேண்டியிருந்தது. ஆயினும் கட்டணஞ் செலுத்தி இக்கரைகளின் வாயிலைக் கடந்தவர்கள் அங்கியைக் களைந்து, நீச்சலுடையில் ஆடவரும் பெண்டிருமாய்க் கடலாடினர். அக்காலத்தில் உள்ளூராரை உள்ளே விடாத கரைகளும் இருந்தன. வெளியே குற்றமாயிருந்தது வாயிலுக்குள் பொழுதுபோக்காயிற்று.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அந்நியனுக்கு அவன் விரும்பிய கடல் கிடைத்தது. ஊராருக்கு அவர்கள் விரும்பிய வீதி கிடைத்தது. ஒருவர் கண்ணில் ஒருவர் படாதபோது சச்சரவு ஏது? இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அண்டை வீட்டாரோடு சண்டையின்றி வாழ்வதற்கு வேலி ஒரு நல்ல சாதனமென்பதை நாமெல்லாம் அறிவோம்.

ஆனால் மதிலுக்குள் இருப்போரை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். மணலைப் பெருக்குகிறவன் ஒருவன். துவாலை கொண்டு வருகிறவன் ஒருவன். எச்சிற் கோப்பை கழுவுகிறவன் ஒருவன். இத்தகைய வேலைகளுக்கு வளைகுடா நாடுகளெங்கும் அமர்த்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் வங்காள தேசத்திலிருந்தும், இந்தியாவிலிருந்தும், பிலிப்பைன்சிலிருந்தும் வந்த ஏழைகள். நம் தமிழ்நாட்டாரும் அவர்களுள் அடக்கம். ஊராரின் கண்ணுக்கு அஞ்சி மதில் எழுப்பியவர்கள் இவர்களுடைய கண்களுக்கு அஞ்சினார்களா? இல்லை. வேலைக்காரனின் கண்ணை அவர்கள் கண்ணென்றே கணக்கில் வைக்கவில்லை. அவனுக்கும் ஒரு நாணம் உண்டு, அவனும் ஒரு தாய் வளர்த்த பிள்ளை என்னும் நினைவு அங்கு எழுவதில்லை.

இது அரபு நாட்டுக்கு மட்டும் உரிய விந்தை என்று எண்ணற்க. கோலாலம்பூர் ஏரித் தோட்டத்தில் 1890-இல் தோன்றிய லேக் கிளப்பின் வரலாற்றைப் பாருங்கள். வெள்ளையருக்கென்றே ஏற்பட்ட அச்சங்கம் ஆசியரை விருந்தினராகவும் ஏற்க மறுத்தது. சிலாங்கூர் மண்ணின் சுல்தானையே தன் கூடத்தில் விருந்தினராக அமர்த்த அதன் விதி இடந்தரவில்லை. 1952-இல் ஹைகமிஷனர் டெம்ப்ளர் கடிந்துகொண்ட பின்னரே அவ்விதி தளர்ந்தது. தட்டேந்தும் ஆசியனுக்கு அத்தகைய கிளப்புகளின் கதவு ஒருநாளும் அடைபட்டிருந்ததில்லை. அரசனுக்குத் தடை; ஊழியனுக்குத் தடையில்லை! சமமாய் உட்காரக்கூடியவனைத் தடுப்பதற்கே அந்த மதில் கட்டப்பட்டது. தோட்டத்துக் கிராணியாகிய எனக்கு இந்தக் கணக்கு புதிதன்று. துரை பங்களாவின் முன்வாயிலும் பின்வாயிலும் இதனையே பல தலைமுறைகளாக நம்மவர்க்குப் போதித்து வந்தன.

நிற்க. எல்லா மதிலும் தீது என்று நான் சொல்ல வரவில்லை. தோட்டத்து லயத்தில் குளிக்கும் பெண் கட்டிக்கொள்ளும் சாக்குத் தடுப்பும் ஒரு மதிலே. அது வலியோரின் பார்வையிலிருந்து எளியோரைக் காப்பது. மற்றொன்று, எளியோரின் அபிப்பிராயத்திலிருந்து வலியோரை விடுவிப்பது. முன்னது மானத்தின் வேலி. பின்னது செருக்கின் வேலி.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தமிழரின் சந்ததியார் வாழ்கின்றனர். 1953-ஆம் ஆண்டின் தனித்தனி வசதிச் சட்டம் 1990-இல் நீக்கப்படும் வரையில், கடற்கரையும் நிறவாரியாகப் பங்கிடத்தக்கதாயிருந்தது. அந்நகரில் வெள்ளையர்க்கு ஒரு கரை, இந்தியர்க்கு ஒரு கரை என்றிருந்தது. ஜித்தாவின் மதிலை அதனோடு ஒன்றாக வைப்பது நியாயமாகாது. ஆயினும் இவ்வண்ணம் எழுந்த வேலி எதுவாயினும், இங்கே யாருடைய வசதிக்காக யார் ஒதுங்குகிறார் என்று கேட்பது நம் கடமை.

அப்படியானால் மதிலை இடித்து, எல்லாரும் ஒரே விதமாய் உடுக்கவென்று கட்டளை பிறப்பிக்கலாமா? அதுவும் வழியன்று. 2016-இல் பிரான்சில் சில கடற்கரை நகரங்கள், உடலை முழுதும் மூடி நீராட வந்த முஸ்லிம் பெண்களைத் தடுத்தன. அவ்வாண்டு ஆகஸ்ட்டில் அந்நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் அத்தகைய தடையொன்றை நிறுத்தி வைத்தது. ஓரிடத்தில் மூடாமை குற்றம். ஓரிடத்தில் மூடுவது குற்றம். ஒழுக்கம் துணியின் அளவில் இல்லையென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் மலேசியாவில் 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம், அலை ஏறும் எல்லைக்கும் வற்றும் எல்லைக்கும் இடையிலுள்ள கரையைப் பொதுவாக அரசு நிலமென்றே கருதுகிறது. விடுமுறை நாளில் மோரிப்புக்கோ போர்ட்டிக்சனுக்கோ சென்று பாருங்கள். பஸ் அமர்த்தி வந்த தோட்டத்துக் குடும்பங்கள் உடுத்திய உடையோடு நீரில் இறங்குகின்றன. முக்காடிட்ட மலாய்த் தாய்மார் குழந்தைகளை முழங்கால் நீரில் நிறுத்துகின்றனர். சீன இளைஞர் அரைக்காற் சட்டையுடன் நீந்துகின்றனர். ஒருவர் கண்ணெதிரில் ஒருவர் இருப்பதால் அவரவரும் சிறிது விட்டுக்கொடுக்கின்றனர். அதை எந்தச் சட்டமும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

ஆகவே, தோழர்களே, அயல்நாட்டில் உத்தியோகம் ஏற்கும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே. மதிலுக்குள் நுழைவதும் நுழையாமையும் உங்கள் இஷ்டம். ஆனால் அங்கே மணல் பெருக்குகிற மனிதனை ஒருமுறை ஏறிட்டுப் பாருங்கள். நாளைக்கு அவன் தன் மனைவி மக்களோடு இதே கரைக்கு விருந்தாளியாய் வரக்கூடுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாதெனில், அங்கே நீங்கள் அனுபவிப்பதற்குச் சுதந்தரம் என்று பெயரிடாதீர்கள். அது விலைக்கு வாங்கிய சலுகை. அதன் விலையில் ஒரு பங்கை அவன் கொடுக்கிறான்.