கொல்லையில் ஒரு மூலை

எங்கள் மஹல்லாவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் மூன்றிலொரு பாகத்தை வெட்டாமல் கொத்தாமல் விட்டுவிட்டார். நொச்சியும் எருக்கும் ஆடாதோடையும் தாமாக மண்டின. உதிர்ந்த சருகைக்கூட அவர் கூட்டுவதில்லை. ஒரு மண் தொட்டியில் மட்டும் தினமும் தண்ணீர் மாற்றி வைப்பார். புதரிலிருந்து பாம்பு வருகிறது, பிள்ளைகள் விளையாடும் இடம் என்று பக்கத்து வீட்டார் ஜமாஅத்தில் முறையிட்டனர்.

விஷயம் என்னிடம் வந்தது. நானும் சற்றும் யோசியாமல், தூய்மையைப் பற்றிய ஹதீஸை எடுத்துச் சொல்லி, கொல்லையைத் துப்புரவு செய்துவிடும்படி கூறிவிட்டேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. "ஹஜ்ரத், ஒரு தடவை வந்து பாருங்கள்" என்றார்.

அஸருக்குப் பின் போனேன். எருக்கிலையில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரியிட்ட புழுக்கள். அவை எருக்கையும் அதன் இனத்துச் செடிகளையுமே தின்னுமாம். மல்லிகையும் ரோஜாவும் வரிசையாக நட்டு வைத்தாலும் அவற்றுக்குப் பயனில்லை. கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருந்ததும் வண்ணத்துப்பூச்சியின் புழுவே. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு, சருகைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி பொறுக்கின. நான் குப்பை என்று சொன்னது அந்தச் சருகைத்தான்!

வீட்டுக்கு வந்து யோசித்தபோது என் தவறு விளங்கிற்று. காய்ந்த இலை நஜீஸ் அன்று. ஷரீஅத் கேட்கும் தூய்மை வேறு. நம் கண்ணுக்குப் பழகிப்போன ஒழுங்கு வேறு. இரண்டாவதை முதலாவதன் பெயரால் ஒருவர் மீது சுமத்த எனக்கு உரிமையில்லை.

நிலத்தைச் சும்மா போடுவது வீண்விரயம் ஆகாதா என்று ஒருவர் கேட்டார். ஹிஜ்ரி 676-ல் வஃபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் ஜீவனாம்சப் பாடத்தின் முடிவில் இதற்கு வழிகாட்டுகிறார்கள். தன் கால்நடைக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உடையவன் மீது கடமை. வீடு, வாய்க்கால் போன்ற உயிரற்றவற்றைப் பராமரிப்பது கடமையன்று. தேனீக்களுக்கு வேறு உணவில்லாதபோது கூட்டில் கொஞ்சம் தேனை விட்டுவைக்க வேண்டும் என்றும் ஷாபிஈ ஃபுகஹாக்கள் எழுதியுள்ளனர். நமக்கு உரிமையான தேனிலேயே பூச்சிக்கு ஒரு பங்கு!

ஆயினும் காட்டுக் குருவிக்கும் புழுவுக்கும் நாம் உடையவர்கள் அல்லர். ஆகவே இது கடமையன்று, நன்மை. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து பறவை தின்றாலும் அது அவருக்கு ஸதக்கா என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். ஆசிரியர் எதையும் நடவில்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் வெட்டப் போன கையை இவற்றுக்காகவென்று நிய்யத்துடன் நிறுத்துவதும் ஒரு செயலே என்பது என் எண்ணம். தொட்டித் தண்ணீர் விஷயத்தில் சந்தேகத்திற்கே இடமில்லை. உயிருள்ள எதற்குத் தண்ணீர் புகட்டினாலும் கூலி உண்டு.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நன்மை என்னுடையது, பயம் பக்கத்து வீட்டாருடையது என்றால் அது எப்படி நன்மையாகும்? பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. வருவது பெரும்பாலும் எலியைத் தேடி வரும் சாரைதான் என்கிறார் ஆசிரியர். இருக்கலாம். புதருக்குள் நல்லபாம்பும் தங்கும். சாரை எது, நல்லது எது என்று நாலு வயதுக் குழந்தை பிரித்தறியுமா? (எலிகளை வரவழைத்தது பக்கத்து வீட்டார் சுவரோரம் கொட்டிய மீன்முள்ளும் பழைய சோறும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

முடிவில் இருவரையும் உட்காரவைத்துப் பேசினோம். சுவரிலிருந்து பத்தடி தூரம் வெட்டவெளியாக இருக்கும்; அங்கே கிடந்த கல்லும் விறகும் அகற்றப்படும்; இந்தப் பக்கம் எச்சிலைக் கொட்டுவது நிற்கும். சுவரோரத்து எருக்கை ஆசிரியரே வெட்டினார். இலையிலிருந்த புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே நின்ற செடியில் விட்டோம்; அதற்கே மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

முன்பு சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக ஜமாஅத்தாரிடம் தெரிவித்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மா மட்டும் இன்றும் இருட்டுமுன் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார். அவருடைய பயத்தைத் தவறென்று சொல்ல எனக்கு வாயில்லை.