வறண்ட நிலம் வெற்று நிலமா?

ஆடிக் காற்று புழுதியை வாரி இறைக்கும். சூலூர் மண்ணிலே ஒரு துளி விழுந்திராது. ஆனால் நல்ல ஆண்டுகளில், அதே நாட்களில், நொய்யலிலே நுங்கும் நுரையுமாக வெள்ளம் வரும்! "வெள்ளியங்கிரி ஆண்டவனின் அருள்" என்று கைகூப்புவோர் உண்டு. நாம் கைகூப்பவில்லை, காரணம் கேட்கிறோம். தென்மேற்குப் பருவக்காற்று, மழையை மலையிலே கொட்டிவிட்டுச் சமவெளிக்கு வெறுங்கையோடு வருகிறது. மலையிலே பெய்தது ஆற்றின் வழியே வந்து சேருகிறது. அவ்வளவே!

ஏட்டைத் தொடாத உழவன் இதை நன்கறிந்திருந்தான். ஆற்றின் குறுக்கே தாழ்வான அணைக்கட்டு, அங்கிருந்து ராசவாய்க்கால், வாய்க்காலின் முடிவிலே குளம், அது நிரம்பினால் கலிங்கு வழியே அடுத்த குளத்துக்கோ, மீண்டும் ஆற்றுக்கோ. உக்கடம் பெரியகுளமும், சிங்காநல்லூர்க் குளமும், சூலூரின் பெரியகுளமும் சின்னக்குளமும் இந்த ஏற்பாட்டின் உறுப்புகளே. சில வாரத்து வெள்ளத்தைப் பிடித்து வைத்து, பல மாதம் கிணறுகளிலே ஊறச் செய்தான். கும்பிட்டா? இல்லை, கணக்கிட்டு!

அங்ஙனமாயின், ஆண்டிலே சில வாரமே நீர் ஓடும் வாய்க்கால், ஏனைய மாதங்களில் எவருடையது?

மூன்றாண்டு வெள்ளம் வராவிட்டால் போதும். முதலில் அங்கே முள்மரம் முளைக்கும். பிறகு வேலி முளைக்கும். அதன் பின் மனை எண்ணே முளைத்துவிடும்! நான்காம் ஆண்டு நீர் தன் பழைய தடத்தைத் தேடி வருகிறது. உடனே "இயற்கையின் சீற்றம்" என்று அலறுகிறோம். ஊருக்குள்ளே வெள்ளம் புகுந்ததா, வெள்ளத்தின் வழியிலே ஊர் புகுந்ததா? விதி என்றும் தெய்வம் என்றும் சொல்லிவிட்டால், மனை பிரித்தவரும் ஒப்பமிட்டவரும் தப்பித்துக்கொள்கிறார்களே!

குளங்களைக் காக்கச் சட்டம் இல்லாமலில்லை. 2007இல் தமிழ்நாட்டிலே தனிச்சட்டம் வந்தது. ஊர்ப்பொது நிலங்களையும் குளங்களையும் மீட்கவேண்டும் என உச்சநீதிமன்றம் 2011 சனவரியில் தீர்ப்பளித்தது. வரவேற்கிறோம். ஆனால் சட்டத்தின் கை முதலில் எவர் கூரையைத் தொடுகிறது? கோவைக் குளக்கரைகளில் குடிசை போட்டிருந்தோர் அகற்றப்பட்டு, கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் அனுப்பப்பட்டனர். குளக்கரை குடியிருக்கத் தக்க இடமென்று நாம் வாதாடவில்லை. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குபவன் அவன்தானே! வேறெங்கும் ஒரு சாண் நிலமில்லாததால் அங்கே ஒதுங்கியவன் ஆக்கிரமிப்பாளன்; வாய்க்காலைத் தூர்த்து விற்றவர் மட்டும் வளர்ச்சியின் தூதரா? இருவரையும் ஒரே தராசிலே நிறுத்துவது நீதியாகாது.

ஆறு சூலூரோடு முடிவதுமில்லை. கீழே ஒரத்துப்பாளையத்தில், 1992இல், பாசனத்துக்கென நொய்யலிலே அணை எழுந்தது. அதில் தேங்கியதோ திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு! வயலுக்கென்று கட்டிய அணையைக் கண்டு உழவரே அஞ்சினர், வழக்காடினர். 2011 சனவரியில்தான் அப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. மேல்மடைக்காரன் கழித்ததைக் கீழ்மடைக்காரன் குடிக்கவேண்டும் என்பது, நம் நாடு நெடுங்காலம் மனிதரிடையே நடத்திவந்த அதே மேல்-கீழ் நியாயமன்றோ? கோவையின் சாக்கடையைச் சுமந்து வரும் நொய்யலை எதிர்கொள்ளும் சூலூரார்க்கு இதை விளக்கத் தேவையில்லை.

தோழர்களே! பழைய கிராம நிலவரைபடத்தைக் கையிலெடுத்து, ஒரு நாள் உங்கள் ஊர் வாய்க்காலோரம் நடந்து வாருங்கள். தாளிலே தொடரும் கோடு தரையிலே எங்கே அறுபடுகிறது, அங்கே எவர் பெயரில் பட்டா இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.