கணக்கு கேட்பது குற்றமா?

 



சென்ற மாதம் நம் ஜமாஅத் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "மாடி கட்ட வசூலான பணத்துல எவ்வளவு செலவாச்சு, எவ்வளவு மீதி இருக்கு?" என்று கேட்டார். "எங்க மேல நம்பிக்கை இல்லையா பாய்?" என்று பதில் வந்தது. அவர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அங்கே இருந்த நானும் வாய் திறக்கவில்லை. என் சம்பளமும் அதே உண்டியலிலிருந்துதான் வருகிறது. அந்த மௌனத்துக்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டவனாக இன்று பேசுகிறேன்.

நபியவர்கள் பார்த்த கணக்கு

பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க இப்னுல் லுத்பிய்யா என்பவரை நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்ததும் அவரிடம் கணக்குப் பார்த்தார்கள். இது உங்களுடையது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று அவர் பிரித்துக் காட்டினார். தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் நபியவர்கள் கேட்ட கேள்வி புகாரியில் பதிவாகியுள்ளது. நபியவர்களே தேர்ந்தெடுத்து அனுப்பியவரிடம் கணக்குக் கேட்கப்பட்டது என்றால், நீங்களும் நானும் எம்மாத்திரம்?

உமர் (ரலி) காலத்து விவாதம்

இராக் வெற்றி கொள்ளப்பட்டபோது அதன் வளமான விளைநிலங்களை என்ன செய்வது என்ற பெரும் விவாதம் எழுந்தது. கைபரில் நபியவர்கள் பங்கிட்டதைப் போல, போரிட்டவர்களுக்கே பங்கிட வேண்டும் என்று பிலால் (ரலி), ஸுபைர் (ரலி) போன்றோர் வற்புறுத்தினார்கள். எல்லாவற்றையும் இன்றே பங்கிட்டுவிட்டால் பின்னால் வரும் தலைமுறைக்கு என்ன மிஞ்சும் என்பது உமர் (ரலி) அவர்களின் கவலை. அன்ஸாரிகளில் பத்துப் பேரை அழைத்து ஆலோசித்தார்கள். ஃபைஉப் பொருளில் பின்னால் வருபவர்களையும் சேர்த்துச் சொல்லும் ஹஷ்ர் சூராவின் வசனங்களை ஆதாரமாக வைத்தார்கள். நிலம் பங்கிடப்படவில்லை, அதன் வரி பொதுநிதிக்கு வந்தது. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) தம் கிதாபுல் கராஜில் இதை விரிவாக எழுதியுள்ளார்கள்.

கவனியுங்கள்: கலீஃபாவையே எதிர்த்து வாதாடினார்கள். "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று உமர் (ரலி) கேட்டு வாயடைக்கவில்லை, ஆதாரம் காட்டினார்கள். பொதுப்பணம் இன்று இங்கே இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல. இனி பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் அதில் ஹக் உண்டு.

நம் நாட்டில் நடந்தது

1894-ல் லண்டன் பிரிவி கவுன்சில், குடும்பத்தாருக்காகச் செய்யப்பட்ட ஒரு வக்ஃபைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அல்லாமா ஷிப்லி நுஃமானி (ரஹ்) போன்றோர் இதற்காகப் பாடுபட்டார்கள். 1913-ல் அத்தகைய வக்ஃபுகள் செல்லும் என்று சட்டம் வந்தது. பத்தே ஆண்டுகளில், 1923-ல், இன்னொரு சட்டம் தேவைப்பட்டது: முத்தவல்லிகள் வக்ஃபின் கணக்கை முறையாக எழுதி, தணிக்கை செய்து, நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும் என்ற சட்டம். சொத்தை மீட்டால் போதாது, கணக்கும் வேண்டும் என்பதுதான் அதன் பாடம்.

2006-ல் சச்சார் குழு என்ன சொன்னது? பதிவான வக்ஃப் சொத்துகள் சுமார் 4.9 லட்சம், நிலம் சுமார் 6 லட்சம் ஏக்கர், ஆண்டு வருமானமோ சுமார் 163 கோடி ரூபாய்தான். வெளியிலிருந்து வரும் ஆபத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் நம் கையிலிருந்தே நழுவியதற்கு யார் பதில் சொல்வது?

அன்பானவர்களே! அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு ஜும்ஆவுக்கு வரும் தம்பி உண்டியலில் போடுகிற ஐம்பது ரூபாய், அவருடைய வியர்வை. அது நிர்வாகத்தின் கையில் அமானிதம். எந்த நோக்கத்துக்காகக் கொடுத்தாரோ அதற்கே செலவாக வேண்டும். ஜகாத் பணத்தில் டைல்ஸ் போடக்கூடாது.

நிர்வாகிகளே! மாதாமாதம் வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். உங்கள் உழைப்பை ஜமாஅத் அறியும். கணக்கு உங்கள் மானத்துக்கே பாதுகாப்பு. ஜமாஅத்தாரே! கேளுங்கள், ஆனால் அதபோடு கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அவதூறு பரப்புவது கணக்குக் கேட்பதாகாது. அந்தப் பெரியவரின் கேள்விக்கு வரும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் தருமாறு, உங்கள் இமாமாக நானும் நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமையில் கணக்குக் கேட்கப்படும் முன் இங்கேயே நம் கணக்கைச் சரிசெய்துகொள்ள வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.